இறுக்காமல் விட்ட நட்டு

பட்டறைக்கு வரும் கார்களில் பாதிக்கு இப்போது பானெட்டுக்குள் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறது. சிவப்பு, நீலம், தங்க நிறம் என்று வளையல் கடை மாதிரி. போன மாதம் நான் சும்மா எட்டிப் பார்க்க வந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் அதைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சார், இந்த ஸ்ட்ரட் பார் போட்டா வண்டி நெஜமாவே நல்லா திரும்புமா?" பிறகு சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். ரிட்டயர் ஆன மனுஷன் பதில் தெரியாமல் நழுவுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். பதில் தெரியும், நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு காலத்தில் அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம், சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுசாகும் என்பதால் எழுதிக் கொடுக்கிறேன்.

கம்பியின் வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். முன் சக்கரத்து ஷாக் அப்சார்பர் இரண்டின் தலையும் பானெட்டுக்குள் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பாடியில் மாட்டியிருக்கும். வண்டி வேகமாகத் திரும்பும்போது அந்த இரண்டு இடமும் மயிரிழை அளவுக்கு அசைந்து கொடுக்கும். இரண்டையும் குறுக்கே ஒரு கம்பியால் கட்டிவிட்டால் அசைவு குறையும், ஸ்டியரிங் சொன்ன இடத்தில் சக்கரம் நிற்கும். இதுதான் கணக்கு. கணக்கில் தப்பு இல்லை. எவ்வளவு குறைகிறது, குறைந்தது ஓட்டுகிறவனுக்குத் தெரிகிறதா என்பதில்தான் ஆயிரம் சண்டை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில் இருந்தேன். குடியிருந்தது திருமுல்லைவாயிலில், ஒற்றை அறையும் சமையல் மேடையும் உள்ள ஒரு போர்ஷன். கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது, யாரும் மெனக்கெடவில்லை, நானும்தான். வேலை நாட்களில் அது உறைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்ட பிறகு, இனிமேல் நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று தெரியும் பாருங்கள், அப்போது உறைக்கும்.

எங்கள் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் பிளாஸ்டிக் சாமான் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளிக்குக் கார் பைத்தியம். சிங்கப்பூரிலிருந்து குடிபெயர்ந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடமிருந்து, இரண்டே கதவு உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போனால் வரும் பந்தயத் தளத்தில் அதை இறக்குவார். அவரும் ஓட்டுவார்தான், ஆனால் வளைவு வந்தால் பிரேக்கைத் தவிர எதையும் நம்பமாட்டார். அதனால் பந்தயத்தில் ஓட்டியது அவருடைய கம்பெனி வேன் டிரைவர் தயாளன். வண்டியின் சஸ்பென்ஷன் என் பொறுப்பு.

தயாளனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பாவுக்கு அங்கேதான் வேலை. அந்த வீட்டில் ஏழு பேர். காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பந்தயம் இல்லாத ஞாயிறெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடுவான். வரும்போதே கறி வாங்கி வருவான், வெங்காயம் நறுக்குவது என் வேலை. சாப்பிட்டுவிட்டு, ஒரு வளைவில் எந்த இடத்தில் பிரேக்கை விட வேண்டும் என்பதைத் தட்டில் மிச்சமிருக்கும் எலும்பை நகர்த்திக் காட்டிப் பேசுவான். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிப் போவான். எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன். இதைச் சொல்ல இன்றைக்கு எனக்கு வெட்கமில்லை.

ஒரு பந்தயத்தில், நேர்ச்சாலை முடிந்து வரும் வேகமான வலது வளைவில் முன்பக்கம் வழுக்கி, வண்டி இரண்டு சுற்று சுற்றி, அடுக்கி வைத்திருந்த டயர்களில் போய் இடித்தது. தயாளனுக்கு அடி ஒன்றும் இல்லை. பம்பர் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அந்த வளைவில் அவன் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சீக்கிரமே தூக்கிக்கொண்டது. அடுத்த பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தான். முதலாளி நல்ல மாதிரிதான், திட்டவில்லை. இன்னும் ஒரு பந்தயம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் வேறு ஆளைப் போடலாம் என்று மட்டும் சொன்னார். தயாளனுக்கு வாரத்தில் ஆறு நாள் வேன், ஏழாம் நாள் அந்தக் கார். அது போய்விட்டால் வெறும் வேன்தான்.

நான் வண்டியை முழுசாக அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் நன்றாக இருக்கிறது, ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது, சக்கர அலைன்மென்ட் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. பயம் உனக்குள்ளே இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? வண்டியில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதலாளியின் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்திருந்தான். பானெட் திறந்த கார், குறுக்கே ஒரு கம்பி.

"இத்தப் போட்டா முன்னாடி ஆடாது அண்ணாத்தே. ஒரே ஒரு தபா செஞ்சு குடேன்."

ஆசைக்குச் செய்து கொடுத்தேன். கனமான ஸ்டீல் பைப், இரண்டு முனையிலும் தகடு. ஒரு முனையில் போல்ட் போகும் ஓட்டையை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் அராவி விட்டேன். காரணம் இருக்கிறது, உங்களுக்கும் இது உதவும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது கம்பியை இறுக்கினால், வண்டி இறங்கியதும் பாடி கொஞ்சம் இடம் மாறும், கம்பி இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது நல்லதல்ல. அதனால் ஒரு முனையை மட்டும் இறுக்கி, மறுமுனை நட்டைத் தகட்டை அழுத்தாத அளவுக்கு மட்டும் திருகி விட்டுவிட்டு, வண்டி நாலு காலில் நின்று, கொஞ்சம் உருண்டு செட்டான பிறகு அதை ஸ்பேனர் போட்டு முழுசாக இறுக்குவது என் பழக்கம். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு என்பதால் விட்ட இடத்திலேயே நிற்கும், தானாகக் கழன்று விழாது.

பந்தயத்தன்று காலை தளத்திலேயே மாட்டினேன். வண்டியை இறக்கினேன், முன்னும் பின்னும் தள்ளி உருட்டினேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது முதலாளி கூப்பிட்டார், டயர் காற்றுப் பற்றி ஏதோ சந்தேகம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் தயாளன் பானெட்டை மூடி, ஹெல்மெட் மாட்டி, உட்கார்ந்துவிட்டான். பயிற்சி ஓட்டத்துக்குக் கொடி காட்டிவிட்டார்கள்.

நான் ஸ்டாப் வாட்சோடு சுவரோரம் நின்றேன். முதல் சுற்று சாதாரணம். இரண்டாவதில் அந்த வலது வளைவில் இன்ஜின் சத்தம் முன்னைவிடத் தாமதமாகத்தான் குறைந்தது. நாலாவது சுற்றில் சத்தம் குறையவே இல்லை. ஒரே மிதியில் போய் வெளியே வந்தான். அவனுடைய பழைய நேரத்தையெல்லாம் தாண்டி ஓட்டிவிட்டு இறங்கி வந்தவனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

மத்தியானம் அவர்கள் இருவரும் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆயில் பார்க்கலாம் என்று பானெட்டைத் தூக்கினேன். பழக்கத்தில் கை கம்பி மேல் போனது. கம்பி நகர்ந்தது. நீள ஓட்டைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாவகாசமாக நகர்ந்தது. காலையில் பாதியோடு திருகி விட்ட நட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அதாவது அந்தக் கம்பி காலையிலிருந்து எதையும் கட்டவில்லை. பானெட்டுக்குள் சவாரி செய்துவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பந்தயத்துக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. எனக்கு முன்னால் மூன்று வழி. தயாளனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கால் மறுபடியும் தூக்கிக்கொள்ளும், அத்தோடு அவன் கதை முடிந்தது. சத்தம் போடாமல் நட்டை இறுக்கிவிடலாம். இறுக்கினால் முன்பக்கம் உண்மையிலேயே மாறும், முன்பக்கம் பிடிப்பாகத் திரும்பினால் பின்பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. இவனோ புதுத் தைரியத்தில் இருக்கிறான். யாரும் ஓட்டிப் பார்க்காத ஒரு வண்டியைப் பந்தயத்தில் அவன் கையில் கொடுப்பதா? மூன்றாவது வழி, காலையில் எது ஓடியதோ அதையே ஓட விடுவது. நட்டு கழலாது என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டேன். கம்பி எதிலும் உரசவில்லை என்று பார்த்தேன். பானெட்டை மூடினேன்.

அந்த முடிவு சரி. இன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். நெருக்கடியில் கை வைக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் பழக வேண்டும்.

தயாளன் மூன்றாவதாக வந்தான். முதலாளி பானெட்டைத் தட்டிக் கொடுத்தார்.

தப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு கறி வாங்கிக்கொண்டு வந்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவன் எலும்பை நகர்த்தி அந்த வலது வளைவை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான், முகமெல்லாம் சந்தோஷம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரமும் அப்படியே ஆயிற்று. நட்டை இறுக்கவும் மனசு வரவில்லை. ஓடுகிற வண்டியைத் தொடாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஜாக்கி, வெல்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சிவப்புக் காரையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். தயாளன் ஸ்டியரிங்குக்கு வைத்தான், நாலு சக்கரத்துக்கும் வைத்தான், பிறகு பானெட்டைத் திறந்து கம்பிக்கு மூன்று இடத்தில் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பொரி வாங்கப் போகிற மாதிரி நான் வெளியே போய்விட்டேன். கம்பி செய்து கொடுங்கள் என்று இரண்டு மூன்று பேர் என்னைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் தயாளன் சொல்லித்தான். வேலை அதிகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அப்புறம்தான் அந்தப் புதன்கிழமை. வெளியூர் டீம் ஒன்றிலிருந்து தயாளனைக் கேட்டு ஆள் வந்தார்கள். வருஷம் முழுக்க ஓட்டலாம், ஊர் ஊராகப் போகலாம், வேன் ஓட்ட வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சின்ன கார், அதுதான் அந்தப் பந்தயம். கார் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஓட்ட வேண்டும், கூடுதலாக ஒரு ஆணிகூடப் போடக் கூடாது என்பது விதி. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தயாளன் என்னிடம் வந்து, கம்பி தெரியாத மாதிரி உள்ளுக்குள் எதையாவது பற்றவைக்க முடியுமா என்று கேட்டான். முடியாது, செக் பண்ணுவார்கள் என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு ரயிலை விட்டுவிட்டான். கம்பி இல்லாமல் அந்த வேகத்தில் தன்னால் போக முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. நீ இத்தனை நாளும் கம்பி இல்லாமல்தான் ஓட்டினாய் என்ற ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் இத்தனை மாதமாக என்னை முட்டாளாக்கினாயா என்று கேட்பான், எழுந்து போவான், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். அதுதான் என் பயம். வேறு எந்த நல்ல காரணமும் எனக்கு இருக்கவில்லை. மூன்றாவது ரயிலில் அவன் ஏறிப் போனான். சனிக்கிழமை அந்த டீமிடம், வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

அடுத்த இரண்டு மாதத்தில் முதலாளிக்குக் கார் மோகம் தணிந்து, சிவப்புக் காரை விற்றுவிட்டார். வாங்கினவர் ஒரிஜினலாக வேண்டும் என்றதால் கம்பியைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் கீழே படுத்து வேறு வேலையில் இருந்தேன். தயாளன் தானே கழற்றுகிறேன் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனான். அதைத் தானே வீட்டுக்கு எடுத்துப் போகப் போவதாகவும் சொல்லியிருந்தான். ஸ்பேனர் சத்தம் பாதியில் நின்றது. எழுந்து வந்து பார்த்தேன். மறுமுனைத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நட்டு இறுகியிருந்தால் பெயின்ட்டில் அதன் அச்சு பதிந்திருக்கும். அங்கே பெயின்ட் புதுசாக இருந்தது.

"இது ஒரு நாளும் டைட்டா இருந்ததே கெடயாதா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். முதல் நாள் மறந்தது, மத்தியானம் பார்த்தது, பார்த்துவிட்டு விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கம்பியை மெதுவாகப் பட்டறை மேஜை மேல் வைத்தான்.

"அப்ப ஓட்டுனது நானு."

"நீதான் தயாளா."

"ஆறு மாசமா நான் இந்த பைப்புக்கு குங்குமம் வெச்சிகினு கீறேன். ஓட்டுனது நான்தான்னு இந்த ஒலகத்துல உனக்கு ஒருத்தனுக்குதான் தெரியும். அத்த என்னாண்ட சொல்றதுக்கு உனக்கு இன்னா கஷ்டம் அண்ணாத்தே?"

 அவன் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று ரயில் பார்த்த அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு போனான். அந்த ஞாயிறு நான் வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டு மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு வெங்காயத்தை மட்டும் வதக்கிச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டேன்.

அவன் கம்பெனியைவிட்டே போய்விட்டான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆவடி குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் ஒரு நாள் போனேன். அவன் அம்மா என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அவன் இல்லை என்றார். அவனுடைய செருப்பு வாசலில் கிடந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பிறகு இருந்த வருஷங்களில் அந்தக் கம்பியை நான் ஒழுங்காகச் சோதித்தேன். பட்டறைக்கு வந்த மூன்று நான்கு வேறு வேறு வண்டிகளில், ஓட்டுகிறவருக்குக் கம்பி இறுகியிருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல், ஒரு முறை இறுக்கி, ஒரு முறை தளர்த்தி, எழுதி வைத்துப் பார்த்தேன். பாடி தளர்ந்த பழைய வண்டியில், நல்ல டயரும் இருந்தால், ஸ்டியரிங் திருப்பும் அந்த முதல் நொடியில் கொஞ்சம் தெளிவு வருகிறது. கெட்டியான பாடி உள்ள வண்டியில் ஓட்டுகிறவரால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஸ்டாப் வாட்சாலும் முடியவில்லை. ரோட்டில் போகிற வேகத்துக்கு அது வெறும் நகை. வாடிக்கையாளர் கேட்டால் முதலில் டயரைப் பாருங்கள், பிறகு புஷ், பிறகு அலைன்மென்ட். அதற்கும் பிறகு ஆசை இருந்தால் போட்டுக் கொடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கையால் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கும்.

புத்தகத்தில் இல்லாதது ஒன்றுதான். வண்டி நன்றாக ஓடினால் அதற்குக் காரணம் வண்டியா, ஆளா என்பது பல நேரம் நமக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் பானெட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் நாம். ஓட்டுகிறவரே காரணம் என்றால் அவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பந்தயம் முடியும் வரை பொறுங்கள், அதற்கு மேல் ஒரு நாளும் பொறுக்காதீர்கள்.

தயாளன் போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் காலை பூந்தமல்லியில் டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஐயப்பன்தாங்கலில் ஒருவர் வீட்டில் நிற்கும் வண்டியைப் பார்க்கப் போக வேண்டும். வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு கம்பெனி பஸ் நின்றது, ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். பின்பக்கம் ஏறி, கூட்டத்தில் நின்றேன். டிரைவரைக் கவனிக்கவில்லை. காட்டுப்பாக்கம் தாண்டி ஒரு வளைவில், எதிரே மண் லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. பஸ் வேகம் குறைந்து, ஒதுங்கி, வளைந்து, மறுபடி வேகம் எடுத்தது. நின்றுகொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. டிபன் பையை இரண்டு கையாலும் அணைத்திருந்த ஒருத்தி மேல் கம்பியைப் பிடிக்கக் கையைக்கூட எடுக்கவில்லை. எனக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

ஐயப்பன்தாங்கலில் முன்பக்கமாக இறங்கப் போனேன். அவன் என்னைக் கண்ணாடியில் முன்பே பார்த்திருக்க வேண்டும், திரும்பவில்லை. காதோரம் நரைத்திருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் விழுங்கியதை இங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்று படியில் நின்றேன்.

"அந்த வளைவுல ஒருத்தரும் கம்பிய புடிக்கல தயாளா. நீ அவ்ளோ நல்லா ஓட்டுன" என்றேன்.

"தெரியும்" என்றான்.

அண்ணாத்தே என்று சொல்லவில்லை. கோபமும் இல்லை அந்தக் குரலில். அவனுக்கு அது தெரிந்துவிட்டது, இனி யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, நானும்தான். அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வண்டி எடுக்கணும், எறங்கு என்றான். நான் இறங்கிக்கொண்டேன்.